மண் ஆய்வகத்துக்கு மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை, வைகாசியில் நிலம் காலியாகக் கிடக்கும்போது மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுப்பது நிறைய விவசாயிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. 'வி' வடிவில் குழி வெட்ட வேண்டும், நெல் வயலென்றால் 15 செ.மீ. ஆழம், வயலுக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, கால்பங்கு முறையில் கழித்து அரை கிலோவாகக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் பலமுறை படித்திருப்பீர்கள். அந்த அரை கிலோ மண் ஆய்வகத்துக்குள் போன பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. நானும் யோசித்ததில்லை, என் வயலில் அடிபடும் வரை.

திருச்சி பக்கம் களர் நிலத்துக்குப் பஞ்சமில்லை. சில வருடங்களுக்கு முன் இரண்டு வயல்களைப் புதிதாகக் குத்தகைக்குப் பிடித்தேன். ஒன்று மேடு, ஒன்று பள்ளம். இரண்டிலும் மண் எடுத்து ஒரே நாளில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்தேன். மேட்டு வயலுக்கு பி.எச். 9.1, பள்ளத்து வயலுக்கு 7.4 என்று முடிவு வந்தது. நம்பி, மேட்டு வயலுக்கு ஏக்கருக்கு இரண்டு டன் ஜிப்சம் இறக்கி, தண்ணீர் கட்டி, வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது நட்டேன். பள்ளத்து வயலில் வழக்கம்போல் நடவு. இருபதாம் நாள் பள்ளத்து வயல் பயிர் வெளிறிக் கட்டையாக நின்றது. மறுபடி மண் எடுத்து வேறு இடத்தில் கொடுத்துப் பார்த்தால், இரண்டு முடிவுகளும் இடம் மாறியிருந்தன. நல்ல நிலத்துக்கு ஜிப்சம் போட்டிருக்கிறேன், களர் நிலத்தைச் சும்மா விட்டிருக்கிறேன்.

முதல் ஆய்வகத்துக்குப் போய்க் கேட்டேன். அவர்கள் சண்டைக்கு வரவில்லை, நோட்டை எடுத்துக் காட்டினார்கள். என் பெயர், ஊர், 'மாதிரி 2' என்று மட்டும் இருந்தது. நிழலில் உலர்த்திய தட்டுகளில் 1, 2 என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறார்கள். எது மேடு, எது பள்ளம் என்று யாருக்கும் தெரியவில்லை. மீதி மண்ணையும் கொட்டிவிட்டார்கள். அவர்கள் அளந்ததில் தப்பே இல்லை. 9.1-ம் சரி, 7.4-ம் சரி. விலாசம்தான் மாறிப்போனது.

இரண்டு வருடம் கழித்து எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சொந்தமாக ஒரு சிறிய மண் ஆய்வகம் தொடங்க முடிவு செய்தது. அதற்கான மென்பொருளைத் தேர்வு செய்யும் குழுவில் என்னையும் போட்டார்கள். கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காக இல்லை, அடிபட்டவன் என்பதற்காக. அந்த ஐந்து மாத அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பெரிய கம்பெனிகளின் விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். கிராம அளவில் மண் பரிசோதனை நிலையம் நடத்த கிராமப்புற இளைஞர்கள், சுய உதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வரலாம் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2023-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவிலும் இந்தப் பேச்சு வரலாம். வந்தால், முடிவெடுக்கும் கூட்டத்தில் விவசாயி ஒருவர் விஷயம் தெரிந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த மென்பொருள் என்ன செய்யும்?

ஆய்வக மேலாண்மை மென்பொருள் என்பார்கள். விற்க வருகிறவர்கள் சுருக்கமாக 'லிம்ஸ்' என்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தால் அந்தக் குப்பியில் ஒரு பட்டைக் கோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் அல்லவா? அதன்பின் அந்தக் குப்பி எந்த மேசைக்குப் போனது, எந்தக் கருவி அளந்தது, யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தே பதிவாகும். அதே வேலைதான் இங்கே மண்ணுக்கு. மண்ணைப் பரிசோதிப்பது கருவியும் ஆளும். அந்த மண் யாருடையது, எந்த வயலுடையது என்பது கடைசி வரை மாறாமல் பார்த்துக்கொள்வதும், கணக்குப் போடுவதும், அட்டை அச்சடிப்பதும் மென்பொருள்.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள் வரும்: பி.எச்., மின் கடத்தும் திறன், அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். ஒரு பருவத்தில் 500 மாதிரி வந்தால் 6,000 எண்கள். அதுவும் வருடம் முழுக்கப் பரவி வராது. கோடையில் இரண்டு மூன்று மாதத்துக்குள் மொத்தமாக வந்து குவியும். கை நோட்டில் தப்பு நடப்பது அந்த நெரிசலில்தான்.

வருடத்துக்கு நூறு, நூற்றைம்பது மாதிரிதான் வரும் என்றால் மென்பொருளே வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல தைத்த பதிவேடு, வரிசை எண் அச்சடித்த ஸ்டிக்கர், ஒழுங்காகப் போட்ட ஒரு எக்செல் தாள் போதும். எங்களுக்கு டெமோ காட்ட வந்த ஒருவர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். ஆனால் எண் போடும் ஒழுக்கம் இல்லாத ஆய்வகத்துக்கு லட்ச ரூபாய் மென்பொருள் வாங்கிக் கொடுத்தாலும் சாக்பீஸ் எழுத்து அழியத்தான் செய்யும்.

முதலில் உங்கள் ஆய்வகத்தில் ஒரு பையின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

விற்பனையாளரைக் கூப்பிடும் முன் இதைச் செய்ய வேண்டும். பை வாசலில் வருகிறது, யார் வாங்குகிறார்? எங்கே எழுதுகிறார்? நிழலில் உலர்த்த எங்கே கொட்டுகிறார்கள்? மரச் சுத்தியால் தட்டி 2 மி.மீ. சல்லடையில் சலிக்கும்போது ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது? அங்ககக் கரிமத்துக்குத் தனியாக இன்னும் நைசாகச் சலித்த மண் எடுப்பார்களே, அந்தச் சின்னப் பாக்கெட்டுக்கு எண் உண்டா? எடை போட்டுக் குடுவைக்குள் போன பிறகு குடுவை மேல் என்ன எழுதியிருக்கிறது?

எங்கள் ஆய்வகத்தில் இப்படி எண்ணிப் பார்த்தபோது, ஒரு மாதிரி ஏழு தடவை பாத்திரம் மாறுகிறது. பையிலிருந்து தட்டு, தட்டிலிருந்து உரல், சல்லடை, டப்பா, பாக்கெட், குடுவை, கடைசியாகக் கருவியின் சின்னக் குழாய். இடம் மாற ஏழு வாய்ப்பு. இதை ஒரு தாளில் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, டெமோ காட்ட வந்த ஒவ்வொருவரிடமும் "இந்த ஏழு இடத்திலும் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்?" என்று கேட்டோம். மூன்று பேரில் ஒருவர்தான் தட்டுக்கும் டப்பாவுக்கும் தனித்தனி ஸ்டிக்கர் ஒரே எண்ணில் அச்சடித்துத் தர முடியும் என்று செய்து காட்டினார். மற்ற இருவரும் அறிக்கையின் அழகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எண்தான் உயிர்

ஒரு பைக்கு ஓர் எண். அந்த எண் மறுபடி வரவே கூடாது, அடுத்த வருடமும் கூட. அதை மென்பொருளே போட வேண்டும், ஆள் தட்டச்சு செய்யக் கூடாது. கியூஆர் கோடாகவோ பட்டைக் கோடாகவோ ஸ்டிக்கரில் அச்சாக வேண்டும். மண்வள அட்டைத் திட்டத்திலேயே இப்போது மாதிரி எடுக்கும்போது செல்போன் செயலியில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை தானாகப் பதிவாகி, கியூஆர் கோடு மூலம் மாதிரி அடையாளப்படுத்தப்படுகிறது. தனியார் மென்பொருளில் இதைவிடக் குறைவாக ஏற்க வேண்டியதில்லை.

விவசாயியின் பெயரை வைத்து மாதிரியைத் தேடும் மென்பொருள் நம் ஊருக்கு ஆகாது. ஒரே கிராமத்தில் ஐந்து முருகேசன் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்றாக இருக்கும். செல்போன் எண்ணை அடையாளமாக வைத்தாலும் சிக்கல்தான். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் மகன் வைத்திருக்கும் ஒரே போன் எண்ணைக் கொடுப்பார்கள். நிலத்துக்கு அடையாளம் சர்வே எண், உட்பிரிவோடு. 112/3ஏ1 என்றால் அப்படியே முழுதாக ஏற்க வேண்டும். ஒரு கம்பெனியின் டெமோவில் அந்தக் கட்டத்துக்குள் சாய்வுக் கோடு போட்டதும் 'தவறான எண்' என்று சிவப்பாக வந்தது. வெளிநாட்டில் குடிநீர் ஆய்வகத்துக்காகச் செய்த மென்பொருளைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

ஒரே சர்வே எண்ணுக்குள் இரண்டு மாதிரியும் வரும். வாய்க்கால் ஓரம் ஒன்று, நடு வயல் ஒன்று என்று எடுப்போம். அதனால் 'வயலின் அடையாளம்' என்று விவசாயி சொல்வதை அப்படியே தமிழில் எழுத ஒரு கட்டம் வேண்டும். 'கிணத்து மேடு', 'புளியமரத்து வயல்' என்று எழுதினால் என் கதை இன்னொருவருக்கு நடக்காது.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. அறிக்கை தமிழில் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். யூனிகோட் தமிழா என்று கேளுங்கள். பழைய எழுத்துரு எதிலாவது தட்டச்சு செய்து வைத்தால் அச்சில் நன்றாகத் தெரியும், ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கிறுக்கலாகப் போகும்.

கணக்கில் ஒளிந்திருக்கும் தப்பு

இடம் மாறும் தப்பாவது பயிரில் தெரிந்துவிடும். கணக்குத் தப்பு தெரியவே தெரியாது, ஆயிரம் அட்டையிலும் ஒரே மாதிரி அச்சாகிக்கொண்டே இருக்கும்.

மணிச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வகம் அளப்பது பாஸ்பரஸ். உர மூட்டையில் போட்டிருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. ஒன்றை மற்றதாக்க 2.29-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் மண்ணில் எக்டருக்கு 9 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது என்று வையுங்கள். தமிழ்நாட்டில் பின்பற்றும் அளவுப்படி 11-க்குக் கீழே குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆக உங்கள் மண் 'குறைவு'. மென்பொருளில் யாரோ ஒரு இடத்தில் 2.29-ஐச் சேர்த்துவிட்டால் 9 என்பது 20.6 ஆகும். அட்டையில் 'நடுத்தரம்' என்று அச்சாகும். நீங்கள் போட வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் குறைத்துப் போடுவீர்கள். கருவி சரி, ஆள் சரி, மண் உங்களுடையதுதான், இருந்தும் அட்டை பொய்.

இதேபோல் கருவி பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டுவதை எக்டருக்கு எத்தனை கிலோ என்று மாற்ற 2.24-ஆல் பெருக்குவது நம் ஆய்வகங்களின் வழக்கம். ஆனால் நுண்ணூட்டங்களை அப்படி மாற்றாமல் பத்து லட்சத்தில் பங்காகவே சொல்கிறோம். எந்த எண்ணுக்கு எந்த அலகு என்பது அட்டையில் அச்சாக வேண்டும். சூத்திரத்தை ஆய்வகப் பொறுப்பாளர் திறந்து பார்க்க முடிய வேண்டும். "அது உள்ளே இருக்கிறது சார், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று சொன்னால் அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற எல்லைக்கோடுகளும் மாறக்கூடியவை. தழைச்சத்தில் நாட்டின் பல பகுதிகளில் நடுத்தரம் என்பது எக்டருக்கு 280 முதல் 560 கிலோ. தமிழ்நாட்டில் 280 முதல் 450. ஒரு மண்ணில் 480 இருந்தால் (நம் மண்ணில் அது அபூர்வம்தான்) ஒரு கணக்கில் நடுத்தரம், இன்னொன்றில் அதிகம். வடக்கே செய்த மென்பொருளை அப்படியே வாங்கினால் எல்லைகள் நம் மாநிலத்துக்குப் பொருந்தாது. அவற்றைக் காசு கேட்காமல் நாமே மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். மாற்றினால் யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்பதும் பதிவாக வேண்டும்.

எந்த முறையில் அளந்தது என்பதும் அட்டையில் இருக்கட்டும். சமவெளியில் மணிச்சத்துக்கு ஓல்சன் முறை. நீலகிரி போன்ற புளிப்பு மண்ணுக்கு பிரே முறை. முறை மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது.

உரப் பரிந்துரை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை மறக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் மண் வகைக்கும் பயிருக்கும் பல வருடம் வயலில் செய்து பார்த்து விளைச்சல் இலக்கு அடிப்படையிலான சமன்பாடுகள் வைத்திருக்கிறது. 'டிஸ்ஸிஃபர்' என்ற பரிந்துரை மென்பொருளையும் உருவாக்கியிருக்கிறது. தனியார் மென்பொருள் அதைப் பின்பற்றுகிறதா, இல்லை தன் இஷ்டத்துக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறதா? எங்களுக்கு வந்த ஒரு மாதிரி அறிக்கையில் உரத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு கம்பெனியின் பிராண்டுப் பெயர் இருந்தது. அந்தக் கொட்டேஷன் ஏன் அவ்வளவு மலிவு என்பது அப்போதுதான் புரிந்தது.

அழித்து எழுதினால் தெரிய வேண்டும்

ஆய்வகத்தில் எண்ணைத் திருத்துவது குற்றமில்லை. தட்டச்சு தப்பும், மறுபடி அளக்க வேண்டிவரும். ஆனால் பழைய எண் மறையக் கூடாது. என்ன இருந்தது, என்ன ஆனது, யார், எப்போது, ஏன் என்ற ஐந்தும் நிற்க வேண்டும். எண்ணைப் பதிகிறவர் ஒருவர், சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கிறவர் வேறொருவர் என்று மென்பொருளே பிரித்து வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிற ஆய்வகத்தில் இந்த வசதி இருந்தும் பயனில்லை. எங்கள் இடத்தில் முதல் மாதம் பாஸ்வேர்டைக் கருவி மேலேயே பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் மண்ணே போடாமல் ரசாயனம் மட்டும் வைத்துப் பார்க்கும் குடுவை ஒன்றும், விடை ஏற்கெனவே தெரிந்த மண் ஒன்றும் சேர்த்து அளப்பது நல்ல ஆய்வகத்தின் பழக்கம். விடை தெரிந்த மண் எல்லையைத் தாண்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் மென்பொருள் நிறுத்திவைக்க வேண்டும். எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு அட்டை அச்சடிக்க விட்டால் போதாது.

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பற்றி ஒரு தெளிவு தேவை. "எங்கள் மென்பொருள் என்.ஏ.பி.எல். சான்று பெற்றது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் ஆய்வகத்துக்குத்தான், மென்பொருளுக்கு இல்லை. ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநிலையின் 2017 பதிப்பில் 7.11 என்ற பகுதி தகவல்களைக் கையாள்வது பற்றியது. மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பயன்படுத்தும் முன் ஆய்வகமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பின்னாளில் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்தச் சரிபார்ப்புக்கு விற்பனையாளர் என்ன ஆவணம் தருவார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கருவியோடு நேரடி இணைப்பு வேண்டுமா?

சிறிய ஆய்வகத்துக்கு அவசரமில்லை. பி.எச். மீட்டர், மின் கடத்தும் திறன் மீட்டர், ஃபிளேம் போட்டோமீட்டர் எண்களைக் கையால் பதியலாம். நுண்ணூட்டம் அளக்கும் பெரிய கருவி இருந்தால் அதற்கு மட்டும் பின்னால் யோசிக்கலாம். கொட்டேஷனில் இந்த வரியை அடித்துவிட்டாலே நல்ல தொகை குறையும்.

இன்டர்நெட்டா, நம் அறைக்குள்ளேயா?

இன்டர்நெட் வழியாக ஓடும் மென்பொருளில் சர்வர் பராமரிப்புத் தொல்லை இல்லை. ஆனால் லைன் போனால் வேலை நிற்கும். நம் அறையில் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டினால் இன்டர்நெட் வேண்டாம். ஆனால் அந்த கம்ப்யூட்டர் போனால் எல்லாம் போகும். எங்கள் ஊரில் கோடையில் மின்சாரமும் லைனும் சேர்ந்தே போகும், அதனால் நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். யூ.பி.எஸ். வாங்கினோம், தினமும் மாலை ஒரு நகல் தனி டிஸ்கில் எடுத்து நிறுவன அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். ஆய்வகத்திலேயே வைத்த நகல் தீப்பிடித்தால் சேர்ந்தே எரியும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவும் வேண்டும். ஒருமுறை திறந்தபோது மூன்று வாரமாக வெறும் கோப்புதான் பதிவாகியிருந்தது.

இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'பிகா', அதிலிருந்து கிளைத்த 'செனைட்' ஆகியவற்றை லைசென்ஸ் காசு இல்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். தரமானவைதான். ஆனால் நிறுவவும் தமிழாக்கவும் விஷயம் தெரிந்த ஆள் தேவை, அவருக்குச் சம்பளம் தேவை. பக்கத்தில் பொறியியல் கல்லூரி இருந்து, ஓர் ஆசிரியர் பொறுப்பெடுத்துக்கொண்டால் முயலலாம். மாணவர் ஒருவர் புராஜெக்ட்டாகச் செய்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டால் அடுத்த கோடையில் கதவைத் தட்ட ஆள் இருக்காது.

விலை என்று சொல்வது முழு விலை அல்ல

கொட்டேஷனில் முதல் பக்கத்துத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நிறுவும் கட்டணம், பயிற்சி, நம் தேவைக்கு மாற்றும் செலவு, வருடாந்திரப் பராமரிப்பு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஸ்டிக்கர் அச்சடிக்கும் பிரின்டர், ரோல் எல்லாம் சேர்த்து ஐந்து வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை ஐந்து வருடத்தில் வரப்போகும் மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மண்ணுக்கு எத்தனை ரூபாய் மென்பொருளுக்கே போகிறது என்பது தெரியும். பரிசோதனைக் கட்டணத்தில் பெரும்பகுதியை அது சாப்பிட்டால் ஆய்வகம் நிற்காது.

ஆளுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் போடுகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். நமக்கு இரண்டு பேர் வருடம் முழுக்க, கோடையில் மட்டும் ஆறு பேர். அந்த நான்கு பேருக்கும் பன்னிரண்டு மாதப் பணம் கேட்பார்கள். பருவக் கணக்கு பேசினால் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்க வேண்டும் அவ்வளவுதான்.

திட்டத்துக்காகப் பரிசோதனை செய்யும் ஆய்வகம் முடிவுகளை மண்வள அட்டை இணையதளத்திலும் ஏற்ற வேண்டியிருக்கும். ஒருமுறை நம் மென்பொருளில், மறுமுறை அங்கே என்று இரண்டு தடவை தட்டச்சு செய்தால் புதுத் தப்புகள் பிறக்கும். பதிந்ததை அப்படியே கோப்பாக எடுத்துக் கொடுக்க முடியுமா என்று மாவட்ட வேளாண் அலுவலகத்திலும் விற்பனையாளரிடமும் சேர்த்து ஒரே நாளில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவார்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்

டெமோவில் அவர்கள் கொண்டுவந்த தகவலில் எல்லாம் அழகாக ஓடும். உங்கள் மண்ணை வைத்து, உங்கள் ஆட்கள் ஓட்ட வேண்டும். நாங்கள் 30 மாதிரி வைத்துச் சோதித்தோம். ஒரே மண்ணை இரண்டு பைகளில் போட்டு வெவ்வேறு பெயரில் கொடுத்தோம், முடிவு கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறதா என்று பார்க்க. ஒரே பெயரில் இரண்டு விவசாயிகளைப் பதிந்தோம். பி.எச். 8.4-க்குப் பதில் வேண்டுமென்றே 84 என்று அடித்தோம். ஒரு மென்பொருள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு, 'அதிக காரத்தன்மை, ஜிப்சம் இடவும்' என்று அட்டையே அச்சடித்தது. பி.எச். 14-ஐத் தாண்டாது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். அந்தக் கம்பெனியை அன்றே அனுப்பிவிட்டோம்.

பதிந்துகொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்தோம். மறுபடி போட்டதும் கடைசி எண் வரை இருக்கிறதா என்று பார்த்தோம். ஒப்புதல் கொடுத்த முடிவு ஒன்றைத் திருத்திவிட்டு, யார் திருத்தியது என்று பொறுப்பாளர் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தோம். கடைசியாக, 30 மாதிரியின் முழு விவரத்தையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொன்னோம். இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தவரிடம்தான் வாங்கினோம். அவர் விலை மூன்றில் நடு விலை.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி

மண் தகவல் யாருடையது என்பது முதல் வரி. எந்த ஊரில் எந்தச் சத்துக் குறைவு, எந்த விவசாயியின் போன் எண் எது என்ற பட்டியல் உர வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தங்கம். தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டமே வந்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும், தகவல் விவசாயிக்கும் நிறுவனத்துக்கும் சொந்தம், எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் மூன்றாவது ஆளுக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிரியும்போது என்ன என்பது இரண்டாவது. பராமரிப்புப் பணம் கட்ட முடியாமல் போனாலும், கம்பெனியே மூடிப்போனாலும், அதுவரை பதிந்த அத்தனையையும் நாம் திறக்கக்கூடிய வடிவில் முப்பது நாளுக்குள் தர வேண்டும். ஒரே வயலை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் அங்ககக் கரிமம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். பழைய எண்கள் பூட்டிய பெட்டிக்குள் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆய்வகம் நடத்தாதவர்களுக்கு

மண் கொடுக்கப் போகும்போது இரண்டு சீட்டு எழுதுங்கள். ஒன்று பைக்குள், பாலித்தீன் உறையில் போட்டு, ஈரத்தில் அழியாமல் இருக்க. இன்னொன்று பைக்கு வெளியே கட்டி. இரண்டிலும் சர்வே எண் உட்பிரிவோடு, வயலின் ஊர்வழக்குப் பெயர், எடுத்த தேதி, போன பயிர், அடுத்த பயிர். எழுதியதை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே மாதிரி எண்ணுள்ள ரசீது கேளுங்கள். அட்டை வந்ததும் முதலில் அந்த எண்ணையும் சர்வே எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு உரக் கணக்குக்குப் போங்கள். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டால் ஜிப்சத்துக்கு லாரி சொல்லும் முன் ஆய்வகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். மீதி மண்ணைக் குறைந்தது மூன்று மாதமாவது வைத்திருக்கிறார்களா என்றும் அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம்.